பதிவேட்டைக் காக்கும் பணி



அயல்நாட்டிலிருந்து உங்கள் மகனோ மருமகனோ தொலைபேசியில் பேசுகையில், “ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை” என்று கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குமேல் நீங்களும் கேட்பதில்லை, அவரும் விளக்குவதில்லை. இந்த ஒரே சொல்லுக்குள் கடிதம் தட்டச்சுச் செய்பவரும் அடங்குகிறார். ஒரு நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் காலையில் வந்து தத்தம் வேலையைத் தொடங்க முடிவதற்குக் காரணமாக இருப்பவரும் அடங்குகிறார். இவ்விருவரில் இரண்டாமவருடைய தொழிலைப் பற்றியே இங்கே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அத்தொழிலுக்கு ‘டைரக்டரி நிர்வாகம்’ என்று பெயர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதில் உழைத்து உண்டவன் என்ற முறையிலும், அதில் ஒரு பெரிய தவற்றைச் செய்து கற்றவன் என்ற முறையிலும் இதனை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பிளஸ் டூவோ பட்டப்படிப்போ முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று திகைத்து நிற்கும் பிள்ளை ஒன்று இருக்குமானால், அப்பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொண்டு படியுங்கள்.

மஹல்லாப் பதிவேடு

நம் ஊர்களில் ஜமாஅத்துக்கென்று ஒரு பதிவேடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். இன்ன தெரு, இன்ன தலைக்கட்டு, குடும்பத்தில் இத்தனை பேர் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். வெளியூர் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதானால் அவருடைய மஹல்லாவிலிருந்து கடிதம் கேட்கிறோம். கடிதத்தில் அந்த ஜமாஅத்தின் முத்திரையும் பொறுப்பாளரின் கையொப்பமும் இருந்தால், அந்த மாப்பிள்ளையை முன்பின் அறியாத நம் ஜமாஅத்தார் அவரை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏன்? மாப்பிள்ளையின் வாய்ச்சொல்லை நம்பியா? இல்லை. அவரைப் பற்றிச் சொல்லும் பதிவேட்டை நம்பி.

ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி நெட்வொர்க்கில் டைரக்டரி செய்யும் வேலை ஏறத்தாழ இதுதான். முந்நூறு ஊழியர்கள், முந்நூறு கணிப்பொறிகள், இருபது பிரிண்டர்கள், கணக்குப் பிரிவின் கோப்புகள், மின்னஞ்சல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணிப்பொறியிலும் தனித்தனியே பெயர்ப்பட்டியல் வைத்தால், ஒருவர் வேலையை விட்டுச் சென்றதும் முந்நூறு இடங்களில் அவர் பெயரை நீக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் அந்த வாசல் திறந்தே கிடக்கும். ஆகவே, எல்லாருடைய பெயரையும் ஒரே பதிவேட்டில் வைத்து, எல்லாக் கணிப்பொறிகளும் அப்பதிவேட்டையே கேட்குமாறு அமைத்தார்கள். நீ யார், சொல்வது நீதானா, உனக்கு எதற்கெல்லாம் அனுமதி என்னும் மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்கிறது.

இந்த எண்ணம் ஒரே நாளில் பிறந்ததன்று. உலகம் முழுமைக்கும் ஒரு விவரப்பதிவேடு வேண்டும் என்று கருதிய பன்னாட்டுத் தர அமைப்புகள் 1988ஆம் ஆண்டு எக்ஸ்.500 என்னும் விதிமுறையை வெளியிட்டன. அது மிகவும் கனமானது. அக்காலத்துச் சிறிய கணிப்பொறிகளால் தூக்க இயலவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் அதன் சாரத்தை எடுத்து எல்.டி.ஏ.பி. என்ற எளிய முறையை உருவாக்கி 1993இல் வெளியிட்டார்கள். அதே 1993இல் நாவெல் நிறுவனம் தன் நெட்வேர் 4 மென்பொருளுடன் ஒரு டைரக்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாப்ட் சற்றுத் தாமதமாக, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரியை வெளியிட்டது. பின்னே வந்ததுதான் பெரும்பாலான அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. முன்னே வந்தவரே முன்னே நிற்பார் என்று வணிகத்தில் எந்த விதியும் இல்லை போலும்!

தெருவும் கமிட்டியும்

இதைக் கற்க வருகின்ற பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டைரக்டரிக்குள் ஊழியர்களைப் பிரித்து வைக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, ‘ஓ.யூ.’ எனப்படும் நிர்வாகக் கிளை. மற்றொன்று, ‘குரூப்’ எனப்படும் குழு. இரண்டும் ஒன்றுதானே, ஏன் இரண்டு பெயர் என்று கேட்பார்கள்.

நம் மஹல்லாவையே மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஒரு தெருவில்தான் குடியிருக்க முடியும். ஆனால் அவரே பள்ளிவாசல் கமிட்டியிலும் இருக்கலாம். மத்ரஸா கமிட்டியிலும் இருக்கலாம். மையவாடிச் சுவர் கட்டும் குழுவிலும் இருக்கலாம். ஓ.யூ. என்பது தெரு. குரூப் என்பது கமிட்டி. தெருவுக்குத் தெரு விளக்குப் போடுவதுபோல், கடவுச்சொல் திரை எத்தனை நிமிடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், எந்த மென்பொருள் நிறுவப்பட வேண்டும் என்னும் கட்டளைகளை ஓ.யூ.வுக்கு விதிக்கிறோம். எந்த அறையின் சாவி யாரிடம் இருக்கலாம் என்பதைக் குழுவைக்கொண்டு தீர்மானிக்கிறோம். இவ்வேறுபாட்டை உணர்ந்துவிட்ட மாணவன் பாதிக் கிணற்றைத் தாண்டிவிட்டான் என்றே கூறுவேன்.

பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு முகவரி உண்டு. தபால் உறையில் பெயர், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்வதைப்போலவே, ஊழியர் பெயர், அவருடைய கிளை, அதற்கு மேலுள்ள கிளை, நிறுவனத்தின் பெயர் என்று அது நீளும். எல்.டி.ஏ.பி. முறையில் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது இந்த முகவரிதான்.

இனி அந்த ஜமாஅத் கடிதத்திற்கு வருவோம். ஆக்டிவ் டைரக்டரியில் அதனைச் செய்வது கெர்பரோஸ் என்னும் முறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1980களில் உருவானது. நீங்கள் காலையில் கடவுச்சொல்லைத் தட்டியதும், டொமைன் கண்ட்ரோலர் எனப்படும் பதிவேட்டுச் சர்வர் உங்களுக்கு ஒரு சீட்டு வழங்குகிறது. வழக்கமாக அது பத்து மணி நேரம் செல்லும். அதன்பின் கோப்புச் சர்வரிடமோ மின்னஞ்சல் சர்வரிடமோ சென்றால் மறுபடியும் கடவுச்சொல்லைக் கூற வேண்டியதில்லை. முதற்சீட்டைக் காட்டி, அந்தந்தச் சர்வருக்குரிய சிறு சீட்டைப் பெற்றுக்கொண்டு போகலாம். முத்திரை பார்த்து மாப்பிள்ளையை ஏற்பதைப்போல், சீட்டின் முத்திரை பார்த்து அச்சர்வர் உங்களை ஏற்கிறது. உங்கள் கடவுச்சொல்லை அது அறியாது. அறியத் தேவையும் இல்லை.

இதில் வேடிக்கையான ஒரு நுட்பம். பழைய சீட்டைத் திருடி மீண்டும் காட்டுவதைத் தடுக்க, ஒவ்வொன்றிலும் நேரம் குறிக்கப்படுகிறது. உங்கள் கணிப்பொறியின் கடிகாரம் சர்வரின் கடிகாரத்திலிருந்து ஐந்து நிமிடத்திற்கு மேல் விலகினால் சீட்டு செல்லாது. ‘நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று உள்ளே விடமாட்டேன் என்கிறது’ என்று ஒருவர் புலம்பினால், அனுபவசாலி முதலில் திரையின் மூலையிலுள்ள மணியைத்தான் பார்ப்பார். அடுத்து, பெயரைக் கொண்டு சர்வரின் எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லும் டி.என்.எஸ். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். என் அனுபவத்தில், டைரக்டரி பழுது என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றிலேயே முடிந்தன.

பதிவேடு ஒரே சர்வரில் இருந்தால் ஆபத்தல்லவா? அதனால் இரண்டு, மூன்று சர்வர்களில் பிரதிகள் வைக்கப்படுகின்றன. ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றுக்குத் தானாகவே சென்று சேரும். இது பெரிய வசதி. இதுவே பெரிய ஆபத்துமாகும். ஏனெனில், நன்மை மட்டும் பரவுவதில்லை, தவறும் பரவும். அந்தப் பாடத்தை நான் எவ்வாறு கற்றேன் என்பதைச் சொல்கிறேன்.

மாதக் கடைசியில் ஒரு காலை

2004ஆம் ஆண்டு. வளைகுடா நாடொன்றில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகத்தில் இரண்டு டொமைன் கண்ட்ரோலர்கள்; வெகு தொலைவிலிருந்த கிடங்கில் ஒன்று. அன்று மாதத்தின் 29ஆம் நாள். கிளைகளை ஒழுங்குபடுத்த எண்ணி, 143 ஊழியர்களின் பெயர்களைப் பழைய ஓ.யூ.விலிருந்து புதிய ஓ.யூ.வுக்கு மாற்றினேன். மாறிவிட்டதைக் கண்ணாலும் பார்த்தேன். அதன்பின், நான் அறியாமலேயே, மவுஸ் சற்று வழுக்கி, அந்தப் புதிய ஓ.யூ. முழுவதும் பழையதற்குள் விழுந்துவிட்டது. பழையது இப்போது காலிதானே என்று அதை அழிக்கக் கட்டளை கொடுத்தேன். ‘இதற்குள் வேறு பொருள்களும் உள்ளன, அவற்றையும் அழிக்கவா?’ என்று திரை கேட்டது. பழைய பிரிண்டர் ஒன்றிரண்டு இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, ‘ஆம்’ என்றேன். மணி பத்தே கால்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களிடம் காலையில் பெற்ற சீட்டு இருந்ததல்லவா? சிறிது நேரம் கழித்து, கணக்குப் பிரிவிலிருந்த சூடான் நாட்டுப் பெரியவர் தம் கணிப்பொறியை நிறுத்தி மறுபடி இயக்கியிருக்கிறார். உங்களை எனக்குத் தெரியாது என்று அது கூறிவிட்டது. சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் அவர்.

பதற்றத்தில் மனிதன் செய்யும் முதற்காரியம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். நானும் விதிவிலக்கல்லன். அவருடைய பெயரில், அதே எழுத்துகளில், அதே கடவுச்சொல்லில் ஒரு புதிய கணக்கைத் தொடங்கிக் கொடுத்தேன். அவர் உள்ளே சென்றார். சென்றவர் தொலைபேசியில், “தம்பி, வீட்டுக்குள் வந்துவிட்டேன், ஆனால் இது என் வீடு அல்லவே!” என்றார். திரையில் அவருடைய கோப்புகள் எதுவும் இல்லை. சம்பளக் கோப்பைத் திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்பட்டது.

காரணம் இதுதான். டைரக்டரி ஒருவரைப் பெயரால் அறிவதில்லை. கணக்கு பிறக்கும்போதே அதற்கு ‘சிட்’ எனப்படும் ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. கோப்புகளின் பூட்டில் எழுதப்பட்டிருப்பது அந்த எண்தான். கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்றைத் தொடங்கினால், புதியவருக்குப் புதிய எண். பெயர் ஒன்று, ஆள் வேறு. இறந்தவரின் பெயரைப் பேரனுக்கு வைத்தால் பாட்டனாரின் சொத்துப் பத்திரம் பேரன் பெயருக்கு மாறிவிடுமா?

அதற்குள் தொலைபேசி ஓயாமல் அடித்தது. என் தவறு வெளியே தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்தில் மேலும் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். இறுதியில் வேறொரு நிறுவனத்தில் பணியாற்றிய, வயதிலும் அனுபவத்திலும் மூத்த மலையாளி நண்பரை அழைத்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நான் முழுவதையும் சொல்லி முடிக்குமுன் அவர் ஒரே கேள்வி கேட்டார்: “கிடங்கிலுள்ள சர்வருக்கு இந்த அழிப்பு போய்ச் சேர்ந்துவிட்டதா?”

பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்திருந்தது.

அவர் கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் சர்வர்களுக்கு மாற்றம் உடனே பரவும். தொலைவிலுள்ள இடத்திற்கோ, நாம் மாற்றியமைக்காவிட்டால், 180 நிமிடங்களுக்கு ஒரு முறைதான் செல்லும். பத்தே காலுக்கு நான் அழித்தபோது, 143 பெயர்களும் அப்பழுக்கில்லாமல் கிடங்குச் சர்வரில் உயிருடன் இருந்தன. பன்னிரண்டு மணிவரை இருந்தன. உடனே ஒரு தொலைபேசி செய்து, “காக்கா, அந்தச் சர்வரின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்” என்று கிடங்குப் பொறுப்பாளரிடம் சொல்லியிருந்தால் போதும். அங்கிருந்த பதிவையே மூலமாக்கி எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். தவறை மறைக்க நான் செலவிட்ட நேரத்தில்தான் அந்த வாய்ப்பு கைநழுவியது.

மிச்சமிருந்தது டேப்பில் எடுத்துவைத்த பிரதி. எடுத்துப் பார்த்தால் அதன் வயது 51 நாள்! டேப் நிரம்பிவிட்டது, மாற்றுங்கள் என்று சர்வர் நாள்தோறும் எழுதிவைத்த எச்சரிக்கையை நான் படிக்கவில்லை. இதிலும் ஒரு கணக்கு உண்டு. அழிக்கப்பட்ட பெயர் உடனே மறைந்துவிடுவதில்லை. இது அழிந்தது என்ற கல்லறைக் குறிப்பாக அது சில காலம் பதிவேட்டில் நிற்கும். எங்கள் அமைப்பில் அக்காலம் 60 நாள். அதைவிடப் பழைய பிரதியிலிருந்து மீட்க முடியாது. இன்னும் பத்து நாள் கழித்து இதே தவற்றைச் செய்திருந்தால் அந்த டேப்பைக் குப்பைக் கூடையில் போட்டிருக்க வேண்டும்.

மீட்புக்கென்றே தனியாக உள்ள நிலையில் சர்வரை இயக்க வேண்டும். அதற்கு வேறொரு கடவுச்சொல். அதை வைத்தவர் வேலையை விட்டுப் போய் ஓராண்டாகியிருந்தது. நல்லவேளை, சர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ‘என்.டி.டி.எஸ்.யூட்டில்’ என்னும் கருவியால் அதை மாற்ற வழியுண்டு. மாற்றினோம். பழைய பதிவேட்டை இறக்கினோம். ஆனால் அவ்வளவோடு விட்டுவிட்டால் என்ன ஆகும்? மற்ற இரு சர்வர்களும், உன்னுடையது பழைய செய்தி, இவர்கள் அழிந்துவிட்டார்கள் என்று சொல்லி மீண்டும் அழித்துவிடும். ஆகையால், இப்பதிவே அதிகாரபூர்வமானது என்று அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் திருத்த எண்ணையும், பிரதியின் வயதில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் வீதம் அக்கருவி உயர்த்துகிறது. எங்களுக்கு 51 இலட்சம் உயர்ந்தது. பெரிய எண்ணைக் கண்டதும் மற்ற சர்வர்கள் வாய்மூடி ஏற்றுக்கொண்டன. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது அதிகாலை மூன்று மணி. மலையாளி நண்பர் அதுவரை தொலைபேசியின் மறுமுனையில் விழித்திருந்தார்.

பெயர்கள் வந்தன, குழுக்களின் உறுப்பினர் பட்டியல் சரியாக வரவில்லை. யார் யார் எந்தக் கமிட்டி என்பதை ஒவ்வொரு துறையிடமும் கேட்டுக் கையால் எழுத இரண்டு நாள் ஆயிற்று. அந்த 51 நாட்களுக்குள் புதிதாகச் சேர்ந்த ஆறு பேர் பிரதியிலேயே இல்லை. அவர்களுக்கு எல்லாமே முதலிலிருந்து. சம்பளம் ஒரு நாள் தாமதமாயிற்று. ஒரு நாள்தானே என்று எண்ணாதீர்கள். மாதத்தின் முதல் நாளில் வரிசையில் நின்று ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளர்கள் அந்நிறுவனத்தில் நிறையப் பேர். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அன்று மாலை முகாமுக்குப் போய் அவர்களோடு அமர்ந்து தேநீர் குடிக்க என்னால் முடியவில்லை.

வேலையிலிருந்து என்னை நீக்கவில்லை. மவுஸ் வழுக்கியதைப் பற்றி மேலாளர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. 51 நாளாக எச்சரிக்கையை ஏன் படிக்கவில்லை என்பதை மட்டும் கேட்டார்.

கானாவில் எஞ்சிய ஒன்று

பின்னாளில் இத்தவறுகளுக்குத் தடுப்புகள் வந்தன. தற்செயலாக அழிப்பதைத் தடுக்கும் பூட்டு விண்டோஸ் சர்வர் 2008இல் வந்தது. அழித்ததை அதன் குழு உறுப்புரிமையோடு மீட்டுத் தரும் ‘ரீசைக்கிள் பின்’ அடுத்து வந்த 2008 ஆர்2 பதிப்பில் சேர்ந்தது. அது தானாக இயங்குவதில்லை. நிர்வாகிதான் ஒருமுறை இயக்கிவைக்க வேண்டும். இயக்காமலே விட்டிருந்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயினும் சர்வர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அழிந்தால் எந்தப் பூட்டு காக்கும்? 2017ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்னும் நாசகார நிரல் உக்ரைன் நாட்டிலிருந்து உலகெங்கும் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்திற்கு உலகெங்கும் சுமார் 150 டொமைன் கண்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று காக்கும் என்ற நம்பிக்கையில் அவையே ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. நிரல் அவற்றை ஒட்டுமொத்தமாக அழித்தது. துறைமுக வாயில்களில் லாரிகள் தேங்கின. மற்ற சர்வர்களுக்குப் பிரதி இருந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படையான பதிவேட்டுக்கு இல்லை.

தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதலுக்குச் சற்று முன் மின்சாரம் நின்றுபோனதால், அங்கிருந்த சர்வர் நெட்வொர்க்கிலிருந்து விலகி உயிர் தப்பியிருந்தது! கானாவின் இணைப்பு வேகத்தில் அந்தப் பதிவேட்டை இங்கிலாந்துக்கு அனுப்பப் பல நாட்கள் ஆகும். நேரில் கொண்டு செல்லலாமெனில் அங்கிருந்த ஊழியர்களிடம் இங்கிலாந்து விசா இல்லை. ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் ஹார்டு டிஸ்கை ஒப்படைக்க, அவர் அதை இலண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணிப்பொறிகளையும் மறுபடி நிறுவினோம் என்று அந்நிறுவனத்தின் தலைவர் 2018 ஜனவரியில் தாவோஸ் மாநாட்டில் கூறினார். நம் ஊரில் மின்வெட்டு வரும்போதெல்லாம் சலித்துக்கொள்கிறோமே, அந்த ஒரு மின்வெட்டின் மதிப்பை யாரால் கணக்கிட முடியும்?

எங்கே, எப்படிக் கற்பது?

பெற்றோர்களே, உங்களிடம் நேராகவே பேசுகிறேன். நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் பயிற்சி நிலையத்தில் சேர்க்குமுன் சற்று நில்லுங்கள். ஒரு காலத்தில் எம்.சி.எஸ்.இ. என்ற சான்றிதழுக்குப் பெரும் மதிப்பிருந்தது. அதை 2021 ஜனவரி 31உடன் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அப்பெயரைப் பலகையில் தொங்கவிட்டு உங்களிடம் கட்டணம் கேட்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். மற்றவர்களிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். மாணவர் ஒருவருக்குத் தனியாகச் சர்வர் தருகிறீர்களா? அதை உடைத்துவிட்டு அவரே மீட்கும் பயிற்சி உண்டா? வினாவிடைத் தாளை மனப்பாடம் செய்வித்துத் தேர்வுக்கு அனுப்புவோம் என்று பெருமையாகச் சொன்னால், உங்கள் பணத்தோடு வீடு திரும்புங்கள்.

உண்மையில், தொடக்கப் பாடங்களைப் பிள்ளை வீட்டிலிருந்தே கற்கலாம். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கணிப்பொறி ஒன்று போதும். பதினாறு இருந்தால் நிம்மதி. அதில் வர்ச்சுவல் பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவினால், ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று கணிப்பொறிகள் இருப்பதுபோல் இயக்கலாம். விண்டோஸ் சர்வரை 180 நாட்களுக்குக் கட்டணமின்றிப் பயில மைக்ரோசாப்ட் அனுமதிக்கிறது. லினக்ஸ் விரும்புவோர்க்கு சாம்பா உண்டு. 2012 டிசம்பரில் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரியின் வேலையை அதுவும் செய்கிறது. சிறிய நிறுவனங்கள் பல செலவைக் குறைக்க அதை நாடுகின்றன.

ஆனால் வரிசை முக்கியம். பலர் நேரே ஆக்டிவ் டைரக்டரியை நிறுவி, நான்கு பெயர்களைச் சேர்த்து, கற்றுவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். முதலில் ஐ.பி. எண்களும் டி.என்.எஸ்.ஸும் கைவர வேண்டும். ஒரு மாதம் அதற்கே போகட்டும். பிறகு ஒரு டொமைன் கண்ட்ரோலர், பிறகு இரண்டாவது. இரண்டுக்கும் இடையே மாற்றம் எவ்வாறு செல்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஓ.யூ., குரூப், அவற்றுக்கு விதிக்கும் கட்டளைகள். அதன்பின் அழித்தலும் மீட்டலும். கட்டளைகளைக் கையால் எழுதிப் பழகும் பவர்ஷெல்லைத் தொடக்கத்திலிருந்தே உடன் வைத்துக்கொள்ள வேண்டும். நூறு பெயர்களை மவுஸால் சேர்ப்பவனுக்கு எந்நிறுவனமும் நிர்வாகி வேலை தராது. மேகக் கணிமைக்கான டைரக்டரி பின்னர் வரட்டும். மைக்ரோசாப்டின் அந்தச் சேவைக்கு 2023இல் என்ட்ரா ஐ.டி. என்று பெயர் மாறியது. பல நிறுவனங்கள் பழையதையும் அதையும் இணைத்தே நடத்துகின்றன. அடிப்படை தெரிந்தவனுக்கு அது தனிச் சுமையன்று.

முதல் வேலை பெரும்பாலும் மறந்த கடவுச்சொல்லை மாற்றித் தரும் ‘ஹெல்ப் டெஸ்க்’ வேலையாகவே இருக்கும். அதை இழிவாக எண்ண வேண்டாம். நான் அங்கிருந்துதான் வந்தேன். எந்தத் தவறு எதனால் வருகிறது என்பதை அந்த நாற்காலியில் கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது.

இன்னொன்று. மேலாளரின் கடவுச்சொல்லை மாற்றும் அதிகாரம் நிர்வாகியின் கையில் இருக்கிறது. எவருடைய கோப்பையும் அவர் திறக்க முடியும். நம் வீடுகளில் அமானிதம் என்று சொல்வோமே, அதன் முழுப்பொருளும் பொருந்தும் வேலை இது. ஆகவேதான் அனுபவசாலிகள் தமக்கு இரண்டு கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். மின்னஞ்சல் படிக்கவும் கடிதம் எழுதவும் சாதாரணக் கணக்கு. பதிவேட்டைத் தொடும்போது மட்டும் அதிகாரக் கணக்கு. அதிகாரக் கணக்கோடு அமர்ந்து அந்நியர் அனுப்பிய மின்னஞ்சலைத் திறப்பவர், கொத்துச் சாவியைச் சந்தைக்கடைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பவருக்கு ஒப்பாவார்.

என் லாத்தாவின் மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்தே இதைப் பயின்று வருகிறாள். பழைய கணிப்பொறி ஒன்றில் இரண்டு சர்வர்களை இயக்கி, இருநூறு பொய்ப்பெயர்களை அவளே உண்டாக்கி வைத்திருக்கிறாள். நான் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: ரீசைக்கிள் பின்னை இயக்காமல் ஒரு ஓ.யூ.வை அழித்துவிட்டு, பிரதியிலிருந்து மீட்டுக் காட்ட வேண்டும். “படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டுவதும் கலைப்பதுமாக இருக்கிறாளே!” என்று லாத்தா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். முதன்முறை அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது, குழுக்கள் கலைந்துபோயின. இரண்டாம் முறை ஒரு மாலைப்பொழுது. சென்ற வாரம் தொலைபேசியில், “மாமா, ஐம்பது நிமிடம், குழுக்களும் சரியாக வந்துவிட்டன” என்றாள். பிரதி எத்தனை நாள் பழையது என்று கேட்டேன். “நேற்று இரவு எடுத்தது மாமா” என்றாள்.